பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் அரசின் பதிவேட்டில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் தோட்டத்தில் வைத்து வளர்க்கும் குடும்பங்களைப் பற்றி எங்காவது ஒரு செய்தி வந்துவிடுகிறது. சேற்றில் விளையாடும் குழந்தையின் படத்தைப் போட்டு மெய்சிலிர்த்து எழுதுபவர்கள் ஒரு பக்கம். வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்பவர்கள் இன்னொரு பக்கம். நான் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். என் மகளும் மருமகனும் தங்கள் இரண்டு பிள்ளைகளையும் மேலூர் வட்டத்தில், அழகர்மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் எங்கள் குடும்ப நிலத்தில், பள்ளிக்கு அனுப்பாமல் வளர்த்து வருகிறார்கள். பேத்திக்குப் பதினொரு வயது, பேரனுக்கு ஒன்பது. வகுப்பறையிலும் தோட்டத்திலும் பிள்ளைகள் கற்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இப்படி வளர்க்க விரும்பும் குடும்பத்துக்குச் சட்டப்படி ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியில் அரசின் கண்காணிப்பும் இருந்தே தீர வேண்டும். இன்று இரண்டுமே இல்லை.

முதலில், தோட்டத்தில் பிள்ளைகள் உண்மையிலேயே ஏதாவது கற்கிறார்களா என்ற கேள்வி. எங்கள் பேரன் எட்டு வயது வரை சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை வாசிக்க மாட்டான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகரம் எழுத வைத்தே பழகிய எனக்கு அது எவ்வளவு கையரிப்பாக இருந்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள். அவன் வாசிக்கத் தொடங்கியது பாடநூலில் அல்ல, நாளிதழின் உள்பக்கத்தில் தினமும் வருகிற அணை நீர்மட்டக் கட்டத்தில். எங்கள் பகுதி பெரியாறு பாசனத்தில் ஒருபோகப் பகுதி, அதாவது ஆண்டுக்கு ஒரு சாகுபடிக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கும் பகுதி. அணைகளில் போதிய இருப்பு இருந்தால்தான் எங்கள் கால்வாய்க்குத் தண்ணீர் திறப்பார்கள். தண்ணீர் வந்தால்தான் கண்மாய் பெருகும், நாற்றுப் பாவலாம். ஆகவே ஆவணி, புரட்டாசி மாதங்களில் எங்கள் ஊரில் பேப்பரைக் கையில் எடுப்பவர்கள் தலைப்புச் செய்திக்கு முன்னால் அந்தக் கட்டத்தைத்தான் தேடுவார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பதும் மலர்வதும் எதைப் பார்த்து என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில், அவன் முதலில் எண்களைப் படித்தான், பிறகு பெரியாறு, வைகை என்ற பெயர்களைப் படித்தான், சில வாரங்களில் மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி என்று எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தான்.

அதோடு நிற்கவில்லை. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி என்றால், பெரியாற்றில் மட்டும் 152 அடி வரை தேக்க முடிந்தும் ஏன் 142 அடியில் நிறுத்துகிறார்கள் என்று கேட்டான். 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சொல்ல வேண்டியதாயிற்று. அணை கேரளத்தில் இருக்கும்போது தண்ணீர் எப்படி நமக்கு என்ற கேள்விக்கு, 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூருடன் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையையும், 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையையும், மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையையும் சொல்லியாக வேண்டும். அடுத்து வந்தது கனஅடி. ஒரு கனஅடி என்பது ஏறக்குறைய 28.3 லிட்டர் என்று நான் சொன்னதில் அவனுக்கு நிறைவில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு போய், பம்புசெட்டுக் குழாயின் அடியில் நிறுத்தி, அக்காளைச் செல்போனில் நொடி பார்க்கச் சொன்னான். டிரம் நிரம்ப அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. நொடிக்கு ஆறு லிட்டருக்கும் குறைவு. அப்படியானால் விநாடிக்கு ஒரு கனஅடி தண்ணீர் என்பது எங்கள் மோட்டார் போல ஐந்து மோட்டார் ஒரே நேரத்தில் இறைப்பதற்குச் சமம் என்று கணக்குப் போட்டான். வைகையிலிருந்து ஆயிரம் கனஅடி திறப்பு என்று பேப்பரில் வந்தால், ஐயாயிரம் மோட்டார் என்று இப்போது அவனே சொல்லுவான். கன அளவை என்ற பாடத்தை நான் எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். சூத்திரத்தை ஒப்பிப்பார்கள், விடையும் சரியாக வரும்; ஆனால் ஒரு கனஅடி என்பது எவ்வளவு பெரியது என்று கையால் காட்டச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பேத்தியின் வழி வேறு. அவளுக்குக் கோழிகள். அடைக்கு உட்காரும் கோழியின் கீழ் வைக்கும் ஒவ்வொரு முட்டையிலும் கரித்துண்டால் தேதி குறிப்பாள். ஏழாம் நாள் இரவு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை நிறுத்தி, உள்ளே செந்நிறத்தில் நரம்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஓடாதது கூமுட்டை, அதை எடுத்துவிடுவாள். எந்தக் கோழிக்கு எத்தனை வைத்தோம், இருபத்தொன்றாம் நாள் எத்தனை பொரித்தது என்பதை ஒரு பழைய டைரியில் எழுதி வருகிறாள். சித்திரை, வைகாசியில் வைத்தவற்றில் கூமுட்டை அதிகம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த டைரியிலிருந்து அவளே கண்டுபிடித்தாள். வெயில் காரணமா, சேவல் காரணமா, முட்டையை எடுத்து வைத்த நாட்கள் காரணமா என்று அவளுக்கும் அவள் தந்தைக்கும் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. சதவீதம் என்ற கணக்கு அவளுக்கு அந்த டைரியில்தான் தேவைப்பட்டது. தேவைப்பட்ட அன்று ஒரே மாலையில் கற்றுக்கொண்டாள்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பாடமும் வயலில் முளைத்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எந்த வரப்பிலும் கிடைக்காது. ஆங்கிலம் கிடைக்காது. வேதியியல் கிடைக்காது. அவற்றுக்கு என் மகள் அரசின் பாடநூல்களை இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு தினமும் காலையில் பிள்ளைகளோடு உட்காருகிறாள். அதற்காகவே அவள் ஒரு மென்பொருள் நிறுவன வேலையை விட்டாள். இந்த வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பிள்ளை மரம் ஏறுவதை எழுதுகிறார்கள். வீட்டில் ஒருவர் சம்பளத்தை இழந்து, நாள் முழுவதும் பிள்ளையின் கேள்விக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்கிறார் என்பதை எழுதுவதில்லை. பெரும்பாலும் அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்கிறார் என்பதையும் எழுதுவதில்லை.

தோட்டம் பாதுகாப்பான இடமும் அல்ல. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் எங்கள் பக்கம் இன்றும் ஏராளம். எங்கள் கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்ட பிறகுதான் பிள்ளைகளை அங்கே குடிவர அனுமதித்தேன். இருவரும் நீச்சல் பழகும் வரை கண்மாய்ப் பக்கம் தனியே விட்டதில்லை. நிலக்கடலைக் கொடிக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும். இரவில் வீட்டுக்குள்ளேயே கட்டுவிரியன் வரும், அதன் கடி பல நேரங்களில் வலிகூட இல்லாமல் இருப்பதால் எறும்பு கடித்தது என்று இருந்துவிடுவார்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எழுத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தோம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடக் கூடாது, பக்கத்து வயலில் மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பனவும் எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு.

வேலை வாங்குவது என்ற விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சறுக்குவது எளிது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, பதினான்கு வயது நிறையாத பிள்ளை, அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் வீட்டாருக்கு உதவலாம். பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? சட்டத்தில் பதில் இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. இன்று இந்தப் பிள்ளை வயலுக்கு வராவிட்டால் கூலிக்கு ஓர் ஆள் கூடுதலாக வைக்க வேண்டியிருக்குமா? ஆம் என்றால், அந்தப் பிள்ளை செய்வது கூலி வேலை. அதற்குக் கல்வி என்று பெயர் சூட்டக் கூடாது. நாற்று நடும் நாளில் பேரன் இறங்கி இரண்டு முடி நாற்றை ஊன்றிவிட்டு, நண்டுப் பொந்தைத் தேடிக் கிளம்பினால் யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. நடவு அவனை நம்பி இருக்கக் கூடாது. இயற்கை விவசாயம் செய்கிறோம், ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகள்தான் களையெடுக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லும் சில குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் இயற்கையைக் கற்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

இதைப் பேசும்போதெல்லாம் தமிழ்நாட்டில் எழுகிற கேள்வி ஒன்று உண்டு, எழவும் வேண்டும். இது குலக்கல்விதானே? 1953ஆம் ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் வீட்டில் பள்ளிப் படி ஏறிய முதல் தலைமுறை நான். என் தந்தை பத்திரங்களில் கைநாட்டு வைத்தவர். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நான் தலைமையாசிரியராகி இருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவும் மாட்டேன். எனவே தோட்டத்துக் கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் சந்தேகப்படுகிறவர்களைப் பிற்போக்கான அச்சம் என்று நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

அரசு பிறப்பைப் பார்த்துப் பிள்ளையின் தொழிலைத் தீர்மானித்ததுதான் அந்தத் திட்டத்தின் குற்றம். ஆகவே தோட்டத்தில் வளரும் பிள்ளை பதினாறு வயதில், எனக்கு நிலம் வேண்டாம், நான் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றோ, லாரி ஓட்டப் போகிறேன் என்றோ சொன்னால், அதற்கான கதவு அடைபடாமல் இருக்கிறதா என்பதுதான் சோதனை. பிள்ளை உழவராகத்தான் வர வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டுப் பள்ளியைத் தவிர்க்கும் பெற்றோர் செய்வது, அவர்கள் எந்தச் சித்தாந்தத்தின் பெயரைச் சொன்னாலும், குலக்கல்விதான்.

எங்கள் வயலுக்குக் களையெடுக்க வரும் ஒரு பெண்மணி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "சார், வாத்தியார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகலேன்னா வீட்டுலயே படிக்குதுன்னு சொல்லுவாக. எம் பிள்ளை போகலேன்னா மாடு மேய்க்கப் போயிருச்சுன்னு சொல்லுவாக." இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, தேடவும் இல்லை. நிலம் இருப்பவர்களுக்கு, அதிலும் படித்து முடித்து நகரத்தில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு, இந்த வழி ஒரு தேர்வு. கூலிக்குப் போகும் குடும்பத்துக்குப் பள்ளிதான் பிள்ளையின் காப்பு. பகல் முழுவதும் பிள்ளை பத்திரமாக இருக்கும் இடம் அது. வயிற்றுக்கும் அது பொறுப்பு. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நமது மதுரையில்தான், கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில், தொடங்கி வைக்கப்பட்டது. பசியோடு வந்து முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டத்தின் அருமை தெரியும். பள்ளிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று மேடையில் பேசும் நண்பர்கள் இதையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

பள்ளியால் மட்டுமே தர முடிந்த இன்னொன்றும் உண்டு. எங்கள் பகுதியில் குடியிருப்புகள் இன்றும் சாதிவாரியாகத்தான் இருக்கின்றன. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். தோட்டத்தில் வளரும் பிள்ளை யாரோடு விளையாடும்? பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையோடு. அது யார் வீட்டுப் பிள்ளை? பெரும்பாலும் உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று, ஒரே பந்துக்குச் சண்டை போட்டு வளரும் வாய்ப்பை ஊரிலேயே அரசுப் பள்ளி ஒன்றுதான் தருகிறது. பள்ளிக்குள்ளும் சாதி நுழைகிறது, கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் நுழைகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதைக் கழற்றச் சொல்லிப் பெற்றோரிடம் வசை வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் சண்டை போடவாவது அங்கே எல்லாரும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். என் பேரப்பிள்ளைகளின் வளர்ப்பில் எனக்கு இன்றுவரை தீராத குறை இதுதான். மாலையில் காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து கபடி ஆடும் பள்ளி மைதானத்துக்கு இருவரையும் அனுப்புகிறோம். அது பகல் முழுவதும் சேர்ந்திருப்பதற்கு ஈடாகாது.

பள்ளியை விட்டு விலகிக் கற்பதற்கு அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1970களில் அன்ஸ்கூலிங் என்று பெயர் கொடுத்தார். மகளும் மருமகனும் அவரிடமிருந்து தொடங்கினார்கள். எனக்கு அதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியாகப் பாடத்தைக் கற்பிக்கச் சொன்னது. நமது மாவட்டத்தில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமமும், பக்கத்தில் 1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமமும் அந்த வழியில் நடந்தன. பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டியில்தான் கழித்தார். நூற்பும் உழவும் பாடமாக இருந்த அந்த இடங்களில் பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள், சாதி பார்க்காமல் ஒன்றாக உண்டார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தனித்தனித் தோட்டங்களுக்குள் தனித்தனிக் குடும்பங்கள் வேலி போட்டுக்கொள்வது அதிலிருந்து வெகு தூரம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்த பெண் ஒரு நாள் திடீரென்று வராமல் போவாள். வீட்டுக்குப் போய்க் கேட்டால், வீட்டில் இருந்தே படிக்கிறாள் என்பார்கள். சில மாதங்களில் மண்டபம் பிடித்த செய்தி வரும். பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்றாலும், பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரைதான் அந்தப் பெண்ணைத் தேடி ஓர் ஆசிரியர் படியேறிப் போவார். பெயர் எங்குமே இல்லாத பெண்ணை யார் தேடுவார்? நல்ல நோக்கத்தோடு பிள்ளையை வீட்டில் வளர்க்கும் பெற்றோர், தங்களை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று வாதாடும்போது, அதே வாதத்தின் நிழலில் ஒதுங்கக்கூடிய மற்ற வீடுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாம் பிரிவில் கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. வீட்டில் கற்பிப்பதைத் தனியாக அனுமதிக்கவும் இல்லை. அதே சட்டத்தின் இருபத்தொன்பதாம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் பிள்ளை கற்க வேண்டும், அச்சமும் மனப்பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்தபோது அட்டைகளை அடுக்கி வைத்து அதைச் செய்து பார்க்க முயன்றோம். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளியில் அது எந்த அளவுக்கு இயலும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, எங்கள் பேரப்பிள்ளைகள் சட்டத்துக்குப் புறம்பானவர்களும் இல்லை, சட்டத்துக்கு உட்பட்டவர்களும் இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர், என் பழைய மாணவரே, இவர்களை எந்த வகையில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். இடைநின்றவர்கள் என்று எழுத முடியாது, சேரவே இல்லை. சேராதவர்கள் என்று எழுதினால் உடனே சேர்க்க வேண்டும். காப்பி குடித்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் சார் என்று போய்விட்டார்.

பதிவேட்டில் இல்லாததால் வரும் இழப்பு ஏதோ கௌரவப் பிரச்சினை அல்ல. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசியைப் பள்ளிக்கே வந்து போடுகிறார்கள். குடற்புழு நீக்க மாத்திரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். செருப்பில்லாமல் மண்ணில் திரியும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. கண் பரிசோதனையும் பல் பரிசோதனையும் அப்படியே. எங்கள் வீட்டில் நினைவு வைத்திருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறோம். எல்லா வீட்டிலும் ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்க மாட்டார்.

தேர்வுக்கு வழி இல்லாமல் இல்லை. பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். பேத்தி எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இப்போதைய ஏக்கமெல்லாம் நுண்ணோக்கியின் மேல். முட்டைக்குள் ஏழாம் நாளுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் உள்ள அரசுப் பள்ளியின் ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருக்கிறது. அங்குள்ள தலைமையாசிரியருக்கு அவளை உட்கார வைத்துக் காட்ட மனமும் இருக்கிறது. ஆனால் பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளைக்கு ஆய்வகத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று அவர் கேட்கிறார். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. பிள்ளையை வீட்டிலோ தோட்டத்திலோ வளர்க்க விரும்பும் பெற்றோர், வட்டாரக் கல்வி அலுவலரிடம் அதை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு இரு முறையாவது ஓர் ஆசிரியர் வந்து, பெற்றோர் உடன் இல்லாமல், பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். அந்த வயதுப் பிள்ளைக்குரிய பாடம் அனைத்தும் தெரிகிறதா என்று கேள்வித்தாளை நீட்டுவதாக அந்தச் சந்திப்பு இருக்கக் கூடாது. எட்டு வயதில் வாசிக்காத என் பேரன் அப்படி ஒரு சோதனையில் அன்றே தோற்றிருப்பான். ஆனால் பிள்ளை நலமாக இருக்கிறதா, அடிபடுகிறதா, கூலி வேலை செய்கிறதா, போன முறையைவிட ஏதாவது ஒன்றில் வளர்ந்திருக்கிறதா, பள்ளிக்குப் போக விரும்புகிறதா என்பதெல்லாம் ஓர் அனுபவமுள்ள ஆசிரியருக்கு அரை மணி நேரப் பேச்சில் தெரிந்துவிடும். போக விரும்புகிறேன் என்று பிள்ளை சொன்னால், அதற்கு மேல் பெற்றோரின் கொள்கைக்கு இடமில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் நான்காம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது.

பதிலுக்கு அரசும் ஒன்றைத் தர வேண்டும். பதிவு செய்த பிள்ளை அருகமைப் பள்ளியோடு இணைக்கப்பட்டு, அங்குள்ள நூலகத்தையும் ஆய்வகத்தையும் மைதானத்தையும் பயன்படுத்தலாம், மருத்துவப் பரிசோதனை நாளில் வரிசையில் நிற்கலாம், விரும்பினால் வாரத்தில் சில நாட்கள் வகுப்பில் உட்காரலாம் என்று ஆக்க வேண்டும். மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் வாய்ப்பு அப்போது ஓரளவாவது கிடைக்கும். பள்ளிக்கும் இதில் ஆதாயம் உண்டு. பக்கத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே நடவும் அறுவடையும் நடக்கின்றன, கிணற்றில் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது என்றால், அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஒரு நாள் அங்கே வந்து டிரம்மை வைத்துக் கனஅடி அளந்து பார்க்கலாமே. எங்கள் தோட்டத்துக் கதவு அதற்குத் திறந்தே இருக்கிறது.

மத்திய சட்டத்தைத் திருத்தக் காலம் ஆகலாம். அதுவரை மாநில அரசு செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் இன்று எமிஸ் எனப்படும் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டு எண் இல்லாமல் ஒரு பிள்ளைக்கு எதுவும் நகராது என்பது ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்ததே. பள்ளிக்கு வெளியே கற்கும் பிள்ளைகளுக்கு அந்த எமிஸ் பதிவில் தனியாக ஒரு வகையைச் சேர்த்து, எண் கொடுத்து, அருகமைப் பள்ளித் தலைமையாசிரியரின் பொறுப்பில் வைத்தால், கணக்கெடுக்க வரும் ஆசிரியர் எழுத ஓர் இடம் கிடைக்கும். ஆய்வகக் கதவைத் திறக்கத் தயங்கும் தலைமையாசிரியருக்கும் கையில் ஒரு காகிதம் கிடைக்கும். இந்த ஆண்டுச் சேர்க்கை முடிவதற்குள் பள்ளிக்கல்வித் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.